பயணம் புறப்படும் முன்: கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்குச் சில விளக்கங்கள்



நம்மூர் வீட்டு வாசல்களில் நிற்கும் கார்களில் பெரும்பாலானவை ஓடும் நாளை விட நிற்கும் நாள்தான் அதிகம். வீட்டுக்காரர் சவூதியிலோ துபாயிலோ மலேசியாவிலோ இருப்பார். கார் உறை போட்டபடி வெயிலிலும் உப்புக் காற்றிலும் கிடக்கும். திடீரென ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு அதற்கு வேலை வரும். திருச்சி விமான நிலையத்தில் விடியற்காலை வந்து இறங்குபவரை அழைத்து வர வேண்டும், இல்லையென்றால் தஞ்சாவூரில் ஒரு மவுத்துக்குப் போக வேண்டும். மூன்று மாதமாக நின்ற காரில் ஐந்து பேர் ஏற வேண்டிய இடத்தில் ஏழு பேர் ஏறி, பட்டுக்கோட்டை வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் போய்வருகிறோம்.

தினமும் ஓடும் வண்டியை விட இப்படி நின்று கிடந்து திடீரென நெடும் பயணம் போகும் வண்டியே அதிகம் மக்கர் செய்யும். தினமும் ஓட்டுபவருக்கு வண்டியின் சத்தம் மாறினால் காது சொல்லிவிடும். நின்ற வண்டியில் எது கெட்டிருக்கிறது என்பது பாதி வழியில்தான் தெரியும். பயணத் துஆ ஓதிப் புறப்படுகிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிய பிறகுதான் தவக்குல் என்பதும் நமக்குச் சொல்லித் தரப்பட்ட பாடம்தானே.

நம் டிரஸ்டுக்கு வரும் மனுக்களில் மருத்துவம், கல்விக்கு அடுத்தபடியாக வண்டி ரிப்பேருக்குக் கைமாற்றுக் கடன் கேட்டு வருபவையும் உண்டு. பெரும்பாலும் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் சகோதரர்கள். ஆயில் குறைந்தது தெரியாமல் ஓட்டி இன்ஜின் பிடித்துக்கொண்டது, தண்ணீர் இல்லாமல் ஹெட் கேஸ்கெட் போனது என்று கடிதத்தில் எழுதியிருப்பார்கள். நூறு இருநூறு ரூபாயில் தடுத்திருக்கக்கூடிய செலவு பல பத்தாயிரங்களாகி, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை விழுங்கியிருக்கும். அதனால்தான் இந்த இதழில் இதை எழுதுகிறோம். யாரையும் மெக்கானிக் ஆக்குவது நோக்கமல்ல. பானெட்டைத் திறந்து பத்து நிமிடம் பார்க்கத் தெரிந்தால் போதும். நம் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் தினமும் ஃபஜ்ருக்குப் பின் பார்ப்பது இவ்வளவுதான்.

டயரில் தொடங்குங்கள்

காரில் மற்ற எது பழுதானாலும் பெரும்பாலும் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். வேகத்தில் போகும்போது டயர் வெடித்தால் வண்டி நம் கையில் இருக்காது. ஆகவே நேரமில்லை, ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் டயரைப் பாருங்கள்.

"வெயில் காலம், காற்றைக் கொஞ்சம் குறைத்து வை, இல்லாவிட்டால் வெடித்துவிடும்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இது தலைகீழான யோசனை. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. ஆட்களும் சாமானும் கூடக்கூட மடிப்பும் கூடும், வேகம் கூடினால் சூடும் கூடும். கடைசியில் உள்ளே இருக்கும் இழைகள் விட்டுப்போய் டயர் கிழிகிறது. சரியான அளவு காற்றுள்ள நல்ல டயர் நம்மூர் வெயிலைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது.

சரியான அளவு எது? ஓட்டுநர் கதவைத் திறந்தால் அந்தத் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறம் இருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 36 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். ஆள் குறைவாகப் போகும்போது ஓர் அளவு, முழுப் பாரத்துடன் போகும்போது வேறு அளவு என்று அதிலேயே பிரித்துப் போட்டிருப்பார்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்துக் காற்றுப் பிடிக்காதீர்கள். அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் காருக்கான அளவு அல்ல.

டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். இருபது கிலோமீட்டர் ஓடிய பிறகு பார்த்தால் சூட்டினால் எண் கூடிக் காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்கிவிடுபவர்கள் உண்டு, அது தவறு. எதுவும் பழுதில்லாத டயரிலும் மாதம் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. தானாக இறங்கும். ஆறு மாதம் நின்ற கார் எந்த நிலையில் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க்கு ஒரு கேஜ் வாங்கி டேஷ்போர்டில் வைத்துக்கொள்வது நல்லது. பஞ்சர் கடைக் கேஜ்கள் எல்லாமே சரியாகக் காட்டுவதில்லை. நைட்ரஜன் பிடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பிடிக்கலாம், கெடுதி இல்லை. ஆனால் நாம் மூச்சுவிடும் காற்றிலேயே ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். அதைத் தேடி அலைவதை விட, சாதாரணக் காற்றை மாதம் ஒருமுறை சரிபார்ப்பது மேல்.

அடுத்தது வயது. நம்மூர் கார்களில் கட்டை அழியாமலேயே டயர் கெட்டுப்போவது சகஜம், ஏனென்றால் வண்டி ஓடுவதே இல்லை. "டயர் புதுசு மாதிரி இருக்கு மச்சான்" என்று சொல்வோம். டயரின் பக்கவாட்டில் டாட் என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலோ, ஓரிடத்தில் கொப்புளம் போலப் புடைத்திருந்தாலோ அந்த டயரோடு நெடுஞ்சாலைக்குப் போகவே கூடாது. பழைய கார் வாங்குபவர்களும் முதலில் இந்த நான்கு இலக்கங்களைப் பாருங்கள். ஸ்டெப்னியிலும் பாருங்கள்.

கட்டைத் தேய்மானத்துக்குச் சட்டப்படி குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர். அளந்து பார்க்க வேண்டியதில்லை. பள்ளங்களுக்கு நடுவே குறுக்கே சிறு மேடுகள் இருக்கும், கட்டை தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரை மாற்றியாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

ஸ்டெப்னியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விமான நிலையத்திலிருந்து திரும்பும்போது டிக்கியில் கயிறு கட்டிய பெட்டிகள் அடைந்திருக்கும். ஸ்டெப்னி அவற்றுக்கு அடியில் இருக்கும். நடு இரவில் ரோட்டோரம் எல்லாப் பெட்டியையும் இறக்கி வைத்து, வெளியே எடுத்த ஸ்டெப்னியிலும் காற்றில்லை என்று கண்டால் எப்படி இருக்கும்? புறப்படும் முன் அதற்கும் காற்றுப் பிடியுங்கள். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அவற்றை அடுத்த வீட்டுக்காரர் வாங்கிப் போயிருக்கக்கூடும்!

ஓடும்போது டயர் வெடித்துவிட்டால் பிரேக்கை அழுத்தாதீர்கள். கால் தானாக அங்கேதான் போகும், தடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கை இரு கையாலும் இறுக்கிப் பிடித்து வண்டியை நேராக வைத்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரம் கட்டலாம்.

டயர் மாற்றும்போது வண்டி சமதரையில், போக்குவரத்திலிருந்து நன்றாக விலகி நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, மாற்றும் சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில் இருக்கும் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளை ஒரு சுற்று இளக்க வேண்டும். தூக்கிய பிறகு முழு பலம் கொடுத்தால் வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். கழற்றும் வரை ஸ்டெப்னியைக் காருக்கு அடியில் படுக்க வைத்திருப்பது நம் ஓட்டுநர்களின் பழக்கம். ஜாக்கி வழுக்கினாலும் கார் அதன் மேல்தான் உட்காரும். நட்டுகளை அடுத்தடுத்து முறுக்காமல் எதிரெதிராக முறுக்குங்கள். வண்டியை இறக்கிய பிறகு ஒரு முறையும், முதல் பஞ்சர் கடை வந்ததும் இன்னொரு முறையும் இறுக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி மற்ற டயர்களை விட மெலிந்ததாக இருந்தால் அது தற்காலிகத்துக்கு மட்டும். பெரும்பாலும் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும்.

நின்ற காரின் பேட்டரி

"செல்ஃப் எடுக்கவில்லை" என்பது நம்மூரில் அதிகம் கேட்கும் புகார். நிற்கும் காரிலும் பூட்டு, அலாரம், கடிகாரம் எல்லாம் சொட்டுச் சொட்டாகக் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கின்றன. சில வாரங்களில் பேட்டரி இறங்கிவிடும். இறங்கிய நிலையிலேயே நாட்கணக்கில் கிடந்தால் பேட்டரி மறுபடி முழுதாக ஏறாது, ஆயுள் குறைந்துவிடும்.

இதற்கு வீட்டில் ஒரு வைத்தியம் செய்கிறோம். உம்மா சொன்னார்கள் என்று தம்பி தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவான். இதனால் பலனில்லை. ஸ்டார்ட் செய்யச் செலவான கரண்டே அந்த ஐந்து நிமிடத்தில் சரியாக ஏறாது, இன்ஜினும் முழுச் சூடு வராமல் ஆயிலில் ஈரம் சேரும். அதற்குப் பதில் வாரம் ஒருமுறை, ஜும்ஆவுக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள், இருபது முப்பது நிமிடம் ரோட்டில் ஓட்டி வாருங்கள். பேட்டரி ஏறும், பிரேக் டிஸ்கில் படிந்த துரு போகும், டயர் ஒரே இடத்தில் அமுங்கிக் கிடக்காது. ஓட்ட ஆளே இல்லை என்றால் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி வைக்கலாம். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரியின் உடல்நிலையை நாமே பார்க்கலாம். இரவெல்லாம் நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் முழுதாக இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12க்குக் கீழே போனால் பயணத்துக்கு நம்பக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.5க்கு மேல் வர வேண்டும். வராவிட்டால் குறை பேட்டரியில் அல்ல, அதை ஏற்றும் ஆல்டர்னேட்டரிலோ பெல்ட்டிலோ இருக்கலாம். இது தெரியாமல் புது பேட்டரிக்கு ஐந்தாயிரம் கொடுத்தவர்கள் உண்டு. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வயரைக் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கரைத்து பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துத் துடைத்துக் காயவைத்து, மாட்டிய பின் வாசலின் தடவுங்கள். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது வருடத்துக்கு இரண்டு முறை வேலை. கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது அமிலம்.

இன்னொரு காரிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்யும்போது வரிசை முக்கியம். சிவப்பு வயரை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸிலும், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸிலும் கொடுங்கள். கறுப்பு வயரை நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில் கொடுத்துவிட்டு, மறுமுனையை இறங்கிய காரின் இன்ஜினில் பேட்டரியை விட்டுத் தள்ளி ஒரு வெற்று இரும்பில் கவ்வ வையுங்கள். பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கும், அதன் அருகே பொறி பறக்கக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். உதவிக்கு லாரியையோ பஸ்ஸையோ நிறுத்தாதீர்கள். பலவற்றில் 24 வோல்ட், நம் காரின் எலெக்ட்ரானிக்ஸ் மொத்தமும் கருகிவிடும்.

நின்ற காரில் இன்னும் இரண்டு விஷயங்கள். மாதக்கணக்கில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட்டு விடாதீர்கள், உப்புக் காற்றில் பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டு சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். இரண்டாவது எலி. பானெட்டுக்குள் கூடு கட்டி வயரைக் கடித்துவிட்டால் செலவு சொல்லி மாளாது. புகையிலை கட்டுங்கள், நாஃப்தலீன் உருண்டை போடுங்கள் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எங்கள் அனுபவத்தில் இரண்டுமே கொஞ்ச நாளைக்குத்தான். நோன்புக் காலத்தில் பிள்ளைகள் சீட்டுக்கடியில் விட்ட சமோசாத் துண்டைப் பெருக்குவதும், வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்ப்பதும்தான் உருப்படியான வழி.

தண்ணீரும் ஆயிலும்

இன்ஜின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் பானெட்டைத் திறந்தால், ரேடியேட்டர் பக்கம் ஒளி ஊடுருவும் ஒரு பிளாஸ்டிக் டப்பா தெரியும். உள்ளே பச்சையாகவோ சிவப்பாகவோ நீலமாகவோ கூலன்ட் இருக்கும். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் இருந்தால் சரி. கீழே போயிருந்தால் அதே வகைக் கூலன்டை ஊற்றுங்கள். கலக்காமல் விற்பதாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டரோடு கலக்கும் அளவு டப்பாவிலேயே இருக்கும், பெரும்பாலும் பாதிக்குப் பாதி. நம்மூர் போர் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். குடத்தில் எவ்வளவு உப்பு படிகிறது என்று வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். நடுவழியில் வேறு வழியில்லை என்றால் கேன் தண்ணீர் ஊற்றி ஊர் வந்து சேரலாம், வந்ததும் மாற்றிவிட வேண்டும். மறுபடி மறுபடி குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது, ஊற்றிக்கொண்டே ஓட்டாதீர்கள்.

பல சிறிய கார்களில் இப்போது சூடு காட்டும் முள் கிடையாது. நீல விளக்கு எரிந்தால் இன்ஜின் குளிர்ந்திருக்கிறது, சிவப்பு எரிந்தால் கொதிக்கிறது. சிவப்பைக் கண்டதும் ஏசியை அணைத்து ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். நிறுத்த இடம் வரும் வரை ஹீட்டரை முழுதாக வைத்தால் கொஞ்சம் சூடு உள்ளே இறங்கும். வியர்த்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். நிறுத்திய பின் அரைமணி நேரமாவது காத்திருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும். முகமும் கையும் வெந்து, ஒரு பயணத்துக்குப் பதில் பல மாத சிகிச்சை ஆகிவிடும். துணியைப் போட்டுத் திறக்கலாம் என்பார்கள், கேட்காதீர்கள். இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் கொட்டுவதும் கூடாது, சூடான உலோகம் விரிசல் விடும். இன்ஜினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலத் தொடங்கும், கையை உள்ளே விடாதீர்கள்.

ஆயில் பார்ப்பது அதை விட எளிது. சமதரையில் நிறுத்தி, இன்ஜின் அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, ஆயில் குச்சியை உருவித் துணியால் துடைத்து, மறுபடி முழுதாகச் செருகி எடுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் ஆயில் ஒட்டியிருக்க வேண்டும். கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், டீசல் காரில் புது ஆயில் ஊற்றிய மறுநாளே கறுத்துவிடும். பால் ஊற்றிய டீ போல இருந்தால்தான் ஆபத்து. தண்ணீர் கலந்திருக்கிறது, வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். "போன வருஷம் மாத்தினது, ரெண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்று ஆயில் மாற்றாமல் விடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. உங்கள் காருக்கான கணக்கு காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். ஓடாமல் நின்றாலும் ஆயிலுக்கு வயதாகிறது.

டேஷ்போர்டில் ஆயில் கிண்டி போன்ற சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால், "அடுத்த ஊர் வரை போய்விடலாம்" என்ற பேச்சே கூடாது. இன்ஜினுக்குள் ஆயில் அழுத்தம் இல்லை என்று அர்த்தம். மேலே நாங்கள் சொன்ன கடன் மனுக்களில் பலவற்றின் கதை இந்த விளக்கோடுதான் தொடங்குகிறது. பொதுவாகச் சிவப்பு என்றால் நில், மஞ்சள் என்றால் ஓரிரு நாளில் காட்டு. மஞ்சள் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் மட்டும் வேகத்தைக் குறைத்து விரைவில் நிறுத்த வேண்டும்.

கையால் செய்யலாம், கை வைக்கக் கூடாது

காற்று ஃபில்டர் மாற்ற வொர்க்‌ஷாப் போக வேண்டியதில்லை. பல கார்களில் நான்கு கிளிப்பைத் திறந்தால் வந்துவிடும். ஏசி ஃபில்டர் பெரும்பாலும் டேஷ்போர்டு அறைக்குப் பின்னால் இருக்கிறது, பத்து நிமிட வேலை. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் கட்டாயம் பாருங்கள். வைப்பர் ரப்பரும் அப்படித்தான், ஐப்பசி மழைக்கு முன் மாற்றிவிடுங்கள். ஹெட்லைட் பல்பு மாற்றும்போது கண்ணாடியில் விரல் படக் கூடாது, கையின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் சூடேறிச் சீக்கிரம் போய்விடும். வெளிச்சம் போதவில்லை என்று 60 வாட் இடத்தில் 100 வாட் பல்பு போட்டால் வயர் உருகும், எதிரே வருபவரின் கண்ணும் கூசும். முதலில் மங்கிய விளக்குக் கண்ணாடியைச் சுத்தம் செய்து பாருங்கள்.

பிரேக்கில் கை வைக்காதீர்கள். பார்ப்பது மட்டும் நம் வேலை. பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்திருந்தால் பேட் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் கசிகிறது. ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஆகவே ஓடாத காரிலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மிதித்தால் பெடல் பஞ்சு போல இறங்கினாலோ, இரும்போடு இரும்பு உரசும் சத்தம் தொடர்ந்து வந்தாலோ பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். நீண்ட நாள் நின்ற காரில் முதல் சில மிதிகளில் மட்டும் கரகரப்பு வந்து போனால் அது துரு, கவலையில்லை. வெறும் ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. ஏர்பேக் வயர்கள், பெட்ரோல் லைன், ஏசி கேஸ், ஹைப்ரிட் மற்றும் மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற வயர்கள் ஆகியவற்றை வீடியோ பார்த்துக்கொண்டு தொடாதீர்கள்.

நின்ற வண்டிக்குள் இரண்டு ஆபத்துகள்

விமானம் தாமதம் என்றால் காரை மூடி ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுகிறோம். சைலன்சரிலோ அதன் இணைப்பிலோ ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குபவர் தூக்கத்திலேயே போய்விடுவார். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடுவதும் அப்படித்தான். தூங்க வேண்டும் என்றால் இன்ஜினை அணைத்துக் கண்ணாடியை இறக்கிக்கொள்ளுங்கள். விமான நிலையத்திற்குள் போய் நாற்காலியில் சாய்வது இன்னும் நல்லது.

மற்றது பிள்ளைகள். வாசலில் நிற்கும் கார் அவர்களுக்கு விளையாட்டு வீடு. உள்ளே ஏறிக் கதவு பூட்டிக்கொண்டால், வெயிலில் சில நிமிடங்களிலேயே உள்ளே அடுப்பு போலாகிவிடும். ஓடாத காரும் எப்போதும் பூட்டியிருக்க வேண்டும், சாவி பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் ராத்தாமார்களும் உம்மாமார்களும் கார் ஓட்டாவிட்டாலும் இந்த ஒன்றைத் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் நின்றுவிட்டால்

எச்சரிக்கை விளக்கைப் போட்டு, முக்கோணப் பலகையை வண்டிக்குப் பின்னால் குறைந்தது ஐம்பது மீட்டராவது தள்ளி வையுங்கள். பெண்களும் பிள்ளைகளும் காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டாம். ரோட்டை விட்டு விலகி நிற்கட்டும், பின்னால் வரும் லாரி ஓட்டுநர் தூக்கக் கலக்கத்தில் இருக்கலாம். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணுக்கு அழைத்தால் உதவி கிடைக்கும். விபத்து என்றால் 108, காவல்துறை உட்பட எந்த அவசரத்துக்கும் 112. பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொன்னால் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. இன்ஷூரன்ஸில் வழியோர உதவி சேர்ந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கார் நிற்கிறதுதானே என்று இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்காமல் விட்ட வீடுகள் நம் மஹல்லாவிலேயே உண்டு. அவசரத்துக்கு எடுத்துப் போகும் அந்த ஒரு நாள் விபத்து நடந்தால், எதிர்த் தரப்புக்கு இழப்பீடு கொடுக்க வேண்டிய பொறுப்பு குடும்பத்தின் தலையில் விழும்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் இந்தப் பக்கத்தை வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, டயரின் நான்கு இலக்கங்களையும் இன்ஷூரன்ஸ் தேதியையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டெப்னி மாற்றுவதையும் ஆயில் குச்சி பார்ப்பதையும் நேரில் பழக விரும்புபவர்களுக்கு, இன்ஷா அல்லாஹ், ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பின் நம் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் டிரஸ்ட் வளாகத்தில் சொல்லித் தருவார்கள். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கப்படும், அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். உங்கள் காரிலேயே வாருங்கள், வரும் வழியில் காற்றுப் பிடிக்க வேண்டாம். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று இங்கேயே அளந்து பார்த்துக்கொள்ளலாம்.